எட்டு பாருக்கு அப்புறம் என்ன?

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். இசை வரும் இடங்கள் அடைப்புக்குறிக்குள்.)

பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு இருபது விநாடி இதைக் கேளுங்க.

(லூப் ஒலிக்கிறது. டிரம்ஸ், பேஸ், கீபோர்டு, மேலே ஒரு புல்லாங்குழல் மெட்டு.)

நல்லா இருக்குல்ல? எனக்கும் நல்லாத்தான் இருந்தது. ரெண்டு வருஷம் நல்லாவே இருந்தது.

இந்த லூப்பை நான் போட்டது ஒரு சனிக்கிழமை ராத்திரி. முடிச்ச கையோட என் காலேஜ் நண்பனுக்கு அனுப்பினேன். அவன் நல்லா பாடுவான், எழுதவும் செய்வான். மறுநாள் காலையிலேயே நாலு வரி எழுதி, போன்ல பாடிப் பதிஞ்சு, வாட்ஸ்அப்ல திருப்பி அனுப்பிட்டான். "மச்சி, பல்லவி ரெடி. மீதி டியூனை அனுப்பு"ன்னான்.

மீதியை நான் அனுப்பவே இல்லை.

முதல் மாசம் வாரா வாரம் கேட்டான். அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்ப நேர்லயே கேட்டான். அதுக்கப்புறம் கேக்கறதை நிறுத்திட்டான். அவன் கேட்டுக்கிட்டிருந்த வரைக்கும் எனக்கு ஒண்ணும் தோணலை. கேக்காம விட்டப்புறம்தான் உறுத்த ஆரம்பிச்சது.

ஒருநாள் அந்த ஃபோல்டரைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். 43 லூப் இருந்தது. முழுப் பாட்டு ஒண்ணுகூட இல்லை.

வீட்டுல லேப்டாப் வச்சு பீட் போடற பலபேர்கிட்ட இப்படி ஒரு ஃபோல்டர் இருக்கும். இன்னைக்கு எபிசோட் அவங்களுக்குத்தான். எட்டு பார் லூப்பை எப்படி ஒரு பாட்டா மாத்தறது, அதுக்கு பேட்டர்னும் சீனும் எப்படி உதவும், எங்கே காலை வாரும், எல்லாம் பேசலாம்.

லூப் ஏன் நம்மளை விடறதில்லை

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. என் லூப்போட வேகம் 96 பிபிஎம். அதாவது நிமிஷத்துக்கு 96 பீட். நாலு பீட் சேர்ந்தா ஒரு பார், அது 2.5 விநாடி. எட்டு பார்னா 20 விநாடி. ஒரு மூன்றரை நிமிஷப் பாட்டுக்கு 84 பார் வேணும். என்கிட்ட இருந்தது எட்டு.

மீதி 76 பார் எங்கேன்னு தேடாம நான் என்ன பண்ணேன் தெரியுமா? அதே எட்டு பாருக்குள்ள இன்னும் இன்னும் சேர்த்தேன். ஒரு ஷேக்கர். அதுக்கு மேல ஒரு மணி ஓசை. அதுக்கு மேல ரெண்டாவது கீபோர்டு. ஒவ்வொண்ணு சேர்க்கும்போதும் வேலை நடக்கற மாதிரியே இருக்கும். ஆனா பாட்டு நீளமாகலை, கனமாத்தான் ஆச்சு.

கல்யாணப் பந்தியை நினைச்சுப் பாருங்க. இலையில முதல்ல சாம்பார் வரும், அப்புறம் ரசம், கடைசியா மோர். நடுவுல பாயசம். அதையெல்லாம் ஒரே நேரத்துல சாதத்து மேல ஊத்தினா எப்படி இருக்கும்? சமையல்காரர் கெட்டிக்காரரா இருந்தாலும் சாப்பிட முடியாது. என் லூப் அப்படித்தான் இருந்தது. எல்லாமே ருசி, ஆனா பரிமாறத் தெரியலை.

கடைசியில நானே வெக்கத்தை விட்டு அவனுக்கு போன் பண்ணி, "சாரிடா, முடிக்க முடியலை"ன்னேன். திட்டுவான்னு நினைச்சேன். திட்டலை. "நானே ரெண்டு தடவை சரணம் எழுதிப் பார்த்தேன்டா. அந்த லூப் மேல எங்க மூச்சு விடறதுன்னே தெரியலை"ன்னான்.

அந்த ஒரு வார்த்தை போதும். லூப்ல எல்லாமே எல்லா நேரமும் ஓடிட்டிருக்கு. பாடறவனுக்கு இடமே இல்லை. நான் சேர்த்த ஒவ்வொண்ணும் அவன் இடத்தைத்தான் அடைச்சிருக்கு.

பேட்டர்ன், சீன்: ரெண்டும் என்ன?

நம்ம ஊர்ல சீன் போடறதுன்னா வேற அர்த்தம். இங்க சொல்ற சீன் வேற.

பேட்டர்ன்ங்கறது ஒரு வாத்தியம் திரும்பத் திரும்ப வாசிக்கிற சின்னத் துண்டு. ஒரு பார் டிரம்ஸ், நாலு பார் பேஸ், அவ்வளவுதான். சீன்ங்கறது எந்தெந்தப் பேட்டர்ன் சேர்ந்து ஓடணும்னு சொல்ற ஒரு வரிசை.

இது புது யோசனை இல்லை. 1980-ல வந்த ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷின்ல 16 பட்டன் வரிசையா இருக்கும். அதுல பேட்டர்ன் எழுதி, அந்தப் பேட்டர்ன்களை ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா கோத்து முழுப் பாட்டுக்கும் தாளம் வைக்கலாம். 1987-ல அமிகா கம்ப்யூட்டருக்கு கார்ஸ்டன் ஓபார்ஸ்கி எழுதின அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்லயும் இதே கதைதான். 64 வரி கொண்ட பேட்டர்ன்கள், எந்தப் பேட்டர்னுக்கு அப்புறம் எதுன்னு சொல்ற ஒரு எண் பட்டியல். அந்தக் காலத்துல மெமரி ரொம்பக் கம்மி. ஒரு பேட்டர்னை ஒரே தடவை சேமிச்சுட்டு, பட்டியல்ல அதோட எண்ணை மட்டும் அஞ்சு தடவை எழுதினா இடம் மிச்சம்.

பெர்லின்ல இருந்து 2001-ல வந்த ஏபிள்டன் லைவ் இதைக் கட்டம் கட்டமாப் போட்டுக் காட்டுச்சு. அதை நிறுவினவங்கள்ல சிலர் மேடையில எலக்ட்ரானிக் இசை வாசிச்சவங்க. அதனால ஓடிட்டிருக்கும்போதே மாத்தி மாத்தி வாசிக்கிற மாதிரி செஞ்சாங்க. செஷன் வியூன்னு ஒரு பக்கம் இருக்கும். மேலிருந்து கீழா ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு டிராக்: டிரம்ஸ், பேஸ், கீபோர்டு. இடமிருந்து வலமா ஒவ்வொரு வரியும் ஒரு சீன். கட்டத்துக்குள்ள இருக்கிறது கிளிப், அதாவது பேட்டர்ன். ஒரு டிராக்ல ஒரு நேரத்துல ஒரு கிளிப்தான் ஓடும். சீன் பட்டனை அழுத்தினா அந்த வரியில இருக்கிற எல்லா கிளிப்பும் ஒண்ணா ஓடும்.

உங்ககிட்ட லைவ் இல்லைன்னா கவலைப்படாதீங்க. ஐபோன்ல கராஜ்பேண்ட் இருந்தா அதுல லைவ் லூப்ஸ்னு இதே கட்டம் இருக்கு. பிட்விக்லயும் இருக்கு, லாஜிக் ப்ரோலயும் 2020-ல வந்துடுச்சு. எஃப்எல் ஸ்டூடியோ பழகினவங்க பேட்டர்ன்களை பிளேலிஸ்ட்ல அடுக்குவீங்க. அங்கே ஒரு மெனக்கெடல் கூட, மத்தபடி இதே யோசனைதான்.

கழிச்சுக்கிட்டே வாங்க

இப்ப வேலைக்கு வருவோம். என் நிறைஞ்ச லூப்பை, ஒம்பது டிராக்கோட, ஒரே சீனா வச்சேன். அதை ஏழு தடவை காப்பி எடுத்து கீழே கீழே ஒட்டினேன். எட்டு வரி, எட்டும் ஒரே மாதிரி.

அப்புறம் எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கிட்டேன். புதுசா ஒரு சவுண்டுகூடச் சேர்க்கக் கூடாது. அழிக்க மட்டும்தான் செய்யணும்.

முதல் வரியில கீபோர்டையும் மணி ஓசையையும் விட்டுட்டு மத்ததெல்லாம் அழிச்சேன். கை நடுங்குச்சுன்னு சொன்னா சிரிப்பீங்க. ரெண்டு வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. ஆனா அடுத்த சீனுக்குப் போய் டிரம்ஸ் உள்ளே வந்தப்பதான் ஒண்ணு தெரிஞ்சது. அந்த டிரம்ஸ் அவ்வளவு நல்லா இருந்ததுன்னு எனக்கே ஞாபகம் இல்லை. எப்பவும் ஓடிட்டிருக்கிறதைக் காது கொஞ்ச நேரத்துல கவனிக்கறதை விட்டுடும், மின்விசிறிச் சத்தம் மாதிரி. நிறுத்தித் திரும்ப விட்டாத்தான் கேக்கும்.

இங்க ஒரு நுணுக்கம். லைவ்ல காலிக் கட்டத்துக்கும் ஒரு வேலை இருக்கு. அதுல சதுரமா ஒரு ஸ்டாப் பட்டன் இருக்கும். சீனை அழுத்தும்போது அந்தக் கட்டம் காலியா இருந்தா, அந்த டிராக் நின்னுடும். அந்த ஸ்டாப் பட்டனையும் எடுத்துட்டா, முந்தின சீன்ல ஓடினது நிக்காம அப்படியே தொடரும். ஆக ஒவ்வொரு கட்டத்துக்கும் மூணு வழி: வாசி, நிறுத்து, இருக்கிறபடியே விடு. முதல் தடவை கட்டத்தைப் பார்க்கிறவங்க வாசிக்கிறதை மட்டும்தான் யோசிப்பாங்க.

இன்னொண்ணு, எல்லாப் பேட்டர்னும் ஒரே நீளமா இருக்கணும்னு இல்லை. என் கீபோர்டு நாலு பார். மணி ஓசையை மூணு பாரா வெட்டினேன். ரெண்டும் ஒண்ணா ஆரம்பிச்சா, 12 பார் கழிச்சுத்தான் திரும்ப ஒண்ணு சேரும். நடுவுல ஒவ்வொரு சுற்றுலயும் மணி வேற வேற இடத்துல விழும். ஒரு நோட்டுகூட மாத்தாமலே காதுக்குப் புதுசா இருக்கும்.

பல்லவி, சரணம், இடையிசை

கட்டம் ரெடி. எந்த வரிசையில வைக்கிறது? இணையத்துல தேடினா வெர்ஸ், கோரஸ், டிராப்னு சொல்லுவாங்க. தப்பில்லை. ஆனா என் நண்பன் எழுதி அனுப்பினது பல்லவி. நான் சின்ன வயசுல இருந்து கேட்டதும் பல்லவியும் சரணமும்தான். அதனால சீன்களுக்கு அந்தப் பேரையே வச்சேன். வச்ச உடனே பாதி முடிவு தானா வந்துடுச்சு.

நம்ம சினிமாப் பாட்டுல பெரும்பாலும் இருக்கிற அமைப்பை யோசிச்சுப் பாருங்க. முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், திரும்பப் பல்லவி. அப்புறம் ரெண்டாவது இடையிசை, ரெண்டாவது சரணம், பல்லவி. ரெண்டு சரணத்துக்கும் மெட்டு பெரும்பாலும் ஒண்ணுதான், வரிகள்தான் மாறும். ஆனா ரெண்டு இடையிசையும் வேற வேறயா இருக்கும். இளையராஜா பாட்டுகளை வரிசையாப் போட்டு இதை மட்டும் கவனிச்சுக் கேட்டுப் பாருங்க. முதல் இடையிசையில வந்தது ரெண்டாவதுல பெரும்பாலும் வராது. தெரிஞ்ச மெட்டுக்குத் திரும்ப வரணும், ஆனா போன வழியிலேயே வரக் கூடாது.

சீன் கணக்குல இது ரொம்ப வசதி. சரணத்துக்கான பேட்டர்ன்களை ஒரு தடவை செஞ்சா ரெண்டு இடத்துக்கு ஆச்சு. புதுசா மூளையைக் கசக்கறது இடையிசைக்கு மட்டும்தான்.

என் அடுக்கு இதுதான்:

முன்னிசை, 8 பார்: கீபோர்டும் மணியும் மட்டும்.
பல்லவி, 16 பார்: டிரம்ஸும் பேஸும் சேரும். புல்லாங்குழல் கிடையாது.
முதல் இடையிசை, 8 பார்: புல்லாங்குழல் இங்கதான் முதல் தடவை வருது.
சரணம், 16 பார்: கீபோர்டு நிக்கும். பேஸும் ஷேக்கரும் மட்டும்.
பல்லவி, 8 பார்.
ரெண்டாவது இடையிசை, 8 பார்: டிரம்ஸ் முழுக்க நிக்கும்.
ரெண்டாவது சரணம், 8 பார்: அதே பேட்டர்ன்கள், பாதி நீளம்.
நிறைஞ்ச பல்லவி, 8 பார்: ஒம்பது டிராக்கும்.
முடிவு, 4 பார்: கீபோர்டு மட்டும்.

கூட்டிப் பாருங்க, 84 பார். மூன்றரை நிமிஷம். பல்லவி சீனை ரெண்டு தடவை அழுத்தறதால சீன் மொத்தம் எட்டுதான்.

இதுல எனக்கு வலிச்சது ஒண்ணு. ரெண்டு வருஷமா நான் ரசிச்சுக் கேட்டுட்டிருந்த அந்த நிறைஞ்ச லூப், பாட்டுல ஒரே ஒரு தடவைதான் வருது. 210 விநாடியில 20 விநாடி. ஆனா அது வரும்போது வந்ததுன்னு தெரியுது.

மவுஸை விட்டுட்டு வாசிங்க

சீன் இருந்தா மட்டும் பாட்டு ஆகிடாது. செஷன் வியூல எதுவும் முடியறதே இல்லை. நீங்க அடுத்ததை அழுத்தற வரைக்கும் ஓடிட்டேதான் இருக்கும். இன்னொரு லூப் சிறைன்னே சொல்லலாம், கொஞ்சம் பெரிய சிறை.

வெளியே வர வழி, வாசிச்சுப் பதியறது. மேல இருக்கிற வட்டமான ரெக்கார்டு பட்டனை அழுத்திட்டு, முதல் சீன்ல இருந்து ஒவ்வொண்ணா ஓட விடுங்க. நீங்க எப்ப எதை அழுத்தினீங்களோ எல்லாம் அரேஞ்ச்மென்ட் பக்கத்துல நேர்கோடாப் பதிவாகிடும். டேப் விசையை அழுத்தினா அந்தப் பக்கம் தெரியும். அழுத்தற நேரம் கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் பரவாயில்லை. லாஞ்ச் குவான்டைசேஷன் ஒரு பார்னு வச்சிருந்தா, அடுத்த பார் தொடங்கற இடத்துலதான் சீன் மாறும்.

முதல் தடவை பதியறவங்க ஒரு இடத்துல பயந்துடுவாங்க. பதிஞ்சு முடிச்சு திரும்பப் போட்டா, பதிஞ்சதெல்லாம் மங்கலாத் தெரியும், பழைய கிளிப்தான் ஓடும். எதுவும் அழியலை. மேல ஆரஞ்சு நிறத்துல பேக் டு அரேஞ்ச்மென்ட்னு ஒரு பட்டன் எரிஞ்சிட்டிருக்கும். அதை அழுத்துங்க, சரியாகிடும்.

நான் மூணு தடவை பதிஞ்சேன். முதல் ரெண்டு தடவை நடுவுல நிறுத்திட்டேன், ஏதோ சரியில்லைன்னு. மூணாவது தடவை, என்ன ஆனாலும் முடிவு வரைக்கும் போறதுன்னு ஒரு தீர்மானத்தோட ஆரம்பிச்சேன். ரெண்டாவது இடையிசை ஓடிட்டிருக்கு. அம்மா கதவைத் திறந்து, "சாப்பிட வர்றியா, எடுத்து வச்சிடவா?"ன்னாங்க. திரும்பி "வரேம்மா"ன்னு சொல்லிட்டுப் பார்த்தா எட்டு பார் முடிஞ்சு லூப் மறுபடி முதல் பாருக்குப் போயிடுச்சு. அவசரமா சரணத்தை அழுத்தினேன். அது ஒம்பதாவது பார் முழுசும் ஓடினப்புறம்தான் மாறுச்சு. நிறுத்தாம முடிச்சேன். 85 பார்.

சுவர் தெரியக் கூடாது

போட்டுக் கேட்டேன். பாட்டு மாதிரி இருந்தது, ஆனா ஒரு குறை. ஒவ்வொரு எட்டு பாருக்கும் டக்கு டக்குன்னு மாறுது. எல்லா வாத்தியமும் ஒரே நொடியில உள்ளே வருது, ஒரே நொடியில வெளியே போகுது. வீட்டுல ரூமுக்கு ரூம் லைட்டு சுவிட்ச் போடற மாதிரி.

சீன் வச்சு அடுக்கினா இந்தச் சுவர் கண்டிப்பா வரும். கட்டத்தோட குணமே அது. இதை நேர்கோட்டுப் பக்கத்துலதான் சரி பண்ணணும். நான் பண்ணது மூணுதான். பேஸை சரணத்துக்கு அரை பார் முன்னாடியே நுழைய விட்டேன். இடையிசை முடிஞ்சப்புறமும் புல்லாங்குழலோட கடைசி நோட்டை அடுத்த பாருக்குள்ள இழுத்து விட்டேன். பல்லவிக்கு முந்தின பார்ல கிக்கை மட்டும் எடுத்தேன். அதுவரைக்கும் தெரிஞ்ச கோடெல்லாம் பாதி மறைஞ்சது.

அந்தக் கூடுதல் ஒரு பாரையும் வெட்டிடலாம்னுதான் இருந்தேன். நேரமாயிடுச்சு, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு அப்படியே அவனுக்கு அனுப்பிட்டேன். "மீதி இதோ"ன்னு மட்டும் எழுதினேன். ரெண்டு வருஷம் கழிச்சு.

ரெண்டு டிக் நீலமாச்சு. பதில் இல்லை. மூணு நாள் பதிலே இல்லை. கோபம் போகலைன்னு நினைச்சுக்கிட்டேன்.

நாலாவது நாள் ராத்திரி ஒரு ஆடியோ வந்தது. ரெண்டு சரணமும் எழுதி, முழுசாப் பாடியிருந்தான். கூடவே ஒரு மெசேஜ்: "ரெண்டாவது பிஜிஎம் முடிஞ்சு ஒரு பார் எக்ஸ்ட்ரா விட்டிருக்க பாரு, அதை எடுத்துடாதடா."

அந்த இடத்துல அவன் எதுவும் பாடலை. நல்லா ஒரு மூச்சு இழுக்கிறான், அது மைக்ல கேக்குது. அப்புறம் சரணம்.

நான் வெட்டலை.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. உங்க ஃபோல்டர்ல இருந்து பழைய லூப் ஒண்ணை எடுங்க. அதை ஆறு சீனா காப்பி எடுத்து, அழிக்க மட்டும் செய்யுங்க. அப்புறம் நிறுத்தாம ஒரே மூச்சுல முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிச்சுப் பதியுங்க. சுமாரா வரும். வரட்டும். அதை யாருக்கு அனுப்பணும்னு உங்களுக்கே தெரியும்.

என் ஃபோல்டர்ல இப்ப 42 லூப் இருக்கு. முழுப் பாட்டு ஒண்ணு, 3 நிமிஷம் 32 விநாடி. அதைப் போட்டுட்டு நான் கிளம்பறேன். அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.

(பாடல் முழுவதும் ஒலிக்கிறது.)